நீளத்தை ஒரே எண்ணாக வைத்தால் போதுமா? அச்சுக்கோப்பு மொழிக்குள் மதிப்பு வகைகள் (மன்ற உரையாடல், ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் பெயர்)

ஓரக்குறிப்பு

வணக்கம். ஒரு வருடமாக மாலை நேரங்களில் ஓர் அச்சுக்கோப்பு மொழி, அதாவது உரையையும் கட்டளைகளையும் படித்து அச்சுப் பக்கமாக்கும் மொழி, எழுதி வருகிறேன், ரஸ்ட் என்ற நிரல்மொழியில். வினாத்தாள், பயிற்சித்தாள், இரண்டு பத்தியில் ஒரு செய்திமடல், இவ்வளவும் ஒழுங்காக வந்தால் எனக்குப் போதும். தமிழும் ஆங்கிலமும் ஒரே வரியில் கலந்து வரும். இரண்டும் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஆங்கில எழுத்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ வைக்க வேண்டியிருக்கும், அதனால் ஒரே பக்கத்துக்குள் எழுத்தளவு பல தடவை மாறும்.

போன வாரம் ஒரு பிழையில் மாட்டினேன். தலைப்புக்குக் கீழே விட வேண்டிய இடைவெளியைக் கோப்பின் தொடக்கத்திலேயே ஒரு மாறியில் 1.2 எம் (ஓர் எம் என்பது அந்த இடத்தின் எழுத்தளவு) என்று எழுதி வைத்திருந்தேன். உடல் எழுத்து 11 பாயிண்டு, தலைப்பு 18 பாயிண்டு. தலைப்புக்குள் அந்த மாறியைப் பயன்படுத்தும்போது 21.6 பாயிண்டு விழும் என்று நினைத்தேன், விழுந்தது 13.2. வரி உடைக்கும் பகுதியில் தப்பு இருக்கும் என்று ஒரு மாலை முழுக்க அங்கேயே தேடினேன். தப்பு அங்கே இல்லை. 1.2 எம் என்று படித்த அந்த நொடியிலேயே என் நிரல் அதை 11 ஆல் பெருக்கி ஃப்ளோட்டாக (புள்ளி வைத்த பின்ன எண்ணாக) மாற்றி வைத்துவிட்டது. அதற்குப் பிறகு அது எம் ஆக இருந்தது என்பதே யாருக்கும் தெரியாது.

இப்போது மதிப்பு என்ற எனத்தை (பல வகைகளில் ஏதோ ஒன்றை ஏந்தும் ரஸ்ட் அமைப்பு, enum) பிரித்துப் போட்டுத் திரும்ப எழுத உட்கார்ந்திருக்கிறேன். மூன்று விஷயத்தில் உங்கள் கருத்து வேண்டும். நீளத்தை ஒரே எண்ணாக வைப்பதா, அலகோடு சேர்த்து வைப்பதா? எண் என்றால் ஃப்ளோட்டா முழு எண்ணா? அப்புறம் எல்லா வகையையும் ஒரே எனத்தில் அடைப்பதா, வகை ஓடும்போதுதான் தெரியும் டிரெய்ட் ஆப்ஜெக்ட்டாக, சுட்டி வழியாக எட்டும் ஹீப் நினைவகத்தில் போடுவதா? இந்தத் தடவை அடித்தளத்தைச் சரியாகப் போட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஈயஅச்சு

தம்பி, நீங்கள் பிழை என்று சொல்வதை டொனால்ட் க்னூத் எழுதிய டெக் என்ற அச்சுக்கோப்பு நிரல் 40 வருடத்துக்கு மேலாகத் தெரிந்தேதான் செய்து வருகிறது. பத்தித் தொடக்க இடைவெளியை 1 எம் என்று வைத்தால், அதைப் படிக்கும் நேரத்தில் எந்த எழுத்துரு நடப்பில் இருக்கிறதோ அதன் ஆறாவது அளவுருவை எடுத்துப் பெருக்கி, எண்ணாக்கிப் பதிவகத்தில் (மதிப்பை வைக்கும் இடத்தில்) போட்டுவிடும். பிறகு எழுத்துருவை மாற்றினாலும் அந்த எண் அசையாது. அதனால்தான் டெக்கில் பழகியவர்கள், அளவு பின்னால் மாற வேண்டுமென்றால் பதிவகத்தில் போடாமல் மேக்ரோவில் போடுவார்கள். மேக்ரோவில் 1.2 எம் என்பது வெறும் டோக்கன் வரிசையாகக் கிடக்கும், பயன்படுத்தும் இடத்தில்தான் எண்ணாகும்.

டெக்கின் உள்ளே மதிப்புகள் எப்படி இருக்கின்றன என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால் உங்களுக்கு உதவும். க்னூத் 1982 இல் திரும்ப எழுதிய டெக்கில் நினைவகம் என்பது ஒரே பெரிய அரே. அதில் ஒரு சொல்லை (நினைவகத்தின் ஒரு கட்டத்தை) ஒரு முழு எண்ணாகவும் படிக்கலாம், ஒரு மெய்யெண்ணாகவும் படிக்கலாம், இரண்டு அரைச் சொற்களாகவோ நான்கு கால் சொற்களாகவோ பிரித்தும் படிக்கலாம். எப்படிப் படிக்க வேண்டும் என்பது அந்தச் சொல்லில் எழுதியிருக்காது. முழு எண், நீளம், க்ளூ (விரியவும் சுருங்கவும் கூடிய இடைவெளி), கணித க்ளூ, டோக்கன் வரிசை, பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 256 பதிவகங்கள், எந்தப் பதிவகத்தின் வழியாக உள்ளே போகிறீர்களோ அதுதான் வகை. அதாவது வகை மதிப்போடு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, அதைக் கூப்பிடும் பெயரோடு இருக்கிறது. முழு எண்ணும் நீளமும் ஒரு சொல்லை முழுசாக அடைத்துக்கொள்வதால், அந்த மதிப்பு எந்தக் குழுவின் ஆழத்தில் வைக்கப்பட்டது என்ற எண்ணை எழுதக்கூட அதில் இடம் இல்லை. அந்த எண்ணுக்கென்றே பக்கத்தில் இன்னோர் அரே வைத்திருப்பார். நினைவகம் அவ்வளவு சிக்கனமாகச் செலவான காலம் அது.

வகை மாற்றமும் அழகாக இருக்கும். உள் மதிப்பைப் படிக்கும்போது அதற்கு ஒரு படிநிலை எண் உண்டு: முழு எண்ணுக்கு 0, நீளத்துக்கு 1, க்ளூவுக்கு 2, கணித க்ளூவுக்கு 3. கேட்டவர் கீழ்ப்படி கேட்டால் மேல்படியிலிருந்து இறங்கி வருவார்கள். க்ளூவை நீளமாகக் கேட்டால் விரிவதையும் சுருங்குவதையும் உதறிவிட்டு இயல்பு அகலத்தை மட்டும் தரும். நீளத்தை முழு எண்ணாகக் கேட்டால் உள்ளே இருக்கும் எண்ணை அப்படியே தரும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் முழு எண்தான். ஒரு பாயிண்டை 65536 ஆகப் பிரித்து, அந்தச் சின்ன அலகில் எல்லாவற்றையும் எண்ணுங்கள். டெக்கில் மிகப் பெரிய நீளம் 2 இன் 30 ஆம் அடுக்கில் ஒன்று குறைவு, கணக்குப் போட்டால் 5.75 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டைக் கூட்டினாலும் 32 பிட்டுக்குள் அடங்கும் என்பதால் அந்த வரம்பு. ஃப்ளோட் கணக்குக்கான ஐஇஇஇ 754 தரம் வந்தது 1985 இல். அதற்கு முன்னால் ஃப்ளோட் ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். ஒரே கோப்பு எல்லாக் கணினியிலும் ஒரே இடத்தில் வரி உடைய வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார், அதனால் வரி உடைக்கும் முடிவுகளில் ஃப்ளோட்டைத் தொடவே இல்லை. பெட்டிக்குள் க்ளூ எவ்வளவு விரிந்தது என்ற விகிதம் மட்டும்தான் மெய்யெண், அது எந்த முடிவையும் பாதிக்காது. அந்தப் பிடிவாதத்தால்தான் 30 வருடத்துக்கு முன் நான் கோத்த கோப்பு இன்றைக்கும் அதே பக்க எண்ணில் முடிகிறது.

ரஸ்ட்கை

ஈயஅச்சு ஐயா சொன்னதோடு டைப்ஸ்ட் என்ற புதிய அச்சுக்கோப்பு மொழி எப்படிச் செய்கிறது என்பதையும் வைக்கிறேன். ஓரக்குறிப்பு எழுதுவதற்கு மிகப் பக்கத்தில் இருப்பது அதுதான், அதுவும் ரஸ்ட்தான். 2019 இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஹாக், லாரன்ஸ் மேட்யே இருவரும் தொடங்கினார்கள், 2023 மார்ச்சில் மூலநிரலைத் திறந்தார்கள்.

அங்கே நீளம் என்பது ஒரு எண் இல்லை, இரண்டு எண். ஒன்று பாயிண்டில் இருக்கும் நிலையான பகுதி, இன்னொன்று எம் பகுதி. 1.2 எம் என்றால் நிலையான பகுதி 0, எம் பகுதி 1.2. அதோடு 3 பாயிண்டு கூட்டினால் 3, 1.2 என்று ஆகும், அவ்வளவுதான், யாரும் எதையும் பெருக்குவதில்லை. எழுத்தளவு தெரியும் இடத்துக்குப் போன பிறகுதான் 1.2 ஐ அளவால் பெருக்கி 3 ஐக் கூட்டி ஒரே எண்ணாக்குகிறது. உங்கள் தலைப்பு இடைவெளி அங்கே தானாகவே 21.6 ஆக விழும்.

சதவீதமும் இதே கதைதான். 50% என்று தனியாக எழுதினால் அது விகிதம் என்ற வகை. 50% + 2 செ.மீ. என்று எழுதினால் சார்பு நீளம் என்ற வேறு வகை, அதற்குள் விகிதம், பாயிண்டு, எம் என்று மூன்று எண்கள். அப்புறம் 1 எஃப்ஆர் என்று ஒன்று உண்டு, மீதி இடத்தைப் பங்கு போட்டுக்கொள்வது, டெக்கில் ஃபில் செய்யும் வேலைக்குக் கிட்டத்தட்ட உறவு. அதுவும் தனி வகை.

இதை நான் இப்படிப் பார்க்கிறேன். ஒவ்வொரு மதிப்பும் பிறக்கும்போது ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறது. எம் எழுத்தளவுக்காகக் காத்திருக்கிறது, சதவீதம் சுற்றியிருக்கும் பெட்டியின் அளவுக்காக, எஃப்ஆர் பக்கத்தில் இருக்கும் மற்றவை எல்லாம் இடம் எடுத்து முடிப்பதற்காக. எதற்காகக் காத்திருக்கிறது என்பதுதான் வகை. நீங்கள் ஃப்ளோட்டாக மாற்றியபோது அந்தக் காத்திருப்பைத்தான் தூக்கிப் போட்டீர்கள், தூக்கிப் போட்ட பிறகு அதைத் திரும்பக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

இதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1 எம் பெரிதா 10 பாயிண்டு பெரிதா என்று கேட்டால் டைப்ஸ்ட் பிழை காட்டும். எழுத்தளவு தெரியாமல் எதைச் சொல்வது? ஒரு நீளத்தை இன்னொன்றால் வகுக்கும்போதும் அப்படித்தான், இரண்டும் வெறும் பாயிண்டாகவோ இரண்டும் வெறும் எம் ஆகவோ இருந்தால்தான் வகுக்கும். நிலையான நீளமாக மாற்றிக் கொடு என்று கேட்கலாம், ஆனால் எழுத்தளவு தெரியும் சூழலுக்குள் இருந்துதான் கேட்க முடியும்.

எனமா டிரெய்ட் ஆப்ஜெக்ட்டா என்பதற்கு: எனம். அடிக்கடி வரும் வகைகள் எல்லாம் நேரடியாக எனத்துக்குள், சீரமைப்புத் திசை, கோட்டின் தடிமன் மாதிரி எப்போதாவது வருபவை மட்டும் ஒரு டைனமிக் கிளைக்குள், ஹீப்பில். எனத்தின் அளவு அதில் இருக்கும் பெரிய கிளையைப் பொறுத்தது. சார்பு நீளத்துக்கு மூன்று 64 பிட் எண்கள், 24 பைட், அதோடு டேக்குக்கு (எந்த வகை என்று சொல்லும் குறிக்கு) இடம் சேர்த்து 8, மொத்தம் 32. அதைத் தாண்டக் கூடாது என்று மூலநிரலில் ஒரு சோதனையே வைத்திருந்தார்கள். கிரேடியன்ட் மாதிரிப் பெரியதெல்லாம் ஆர்க் என்ற பகிர்வுச் சுட்டிக்குப் பின்னால் போய்விடும். யாராவது கவனிக்காமல் ஒரு பெரிய ஸ்ட்ரக்ட்டை உள்ளே வைத்தால் சோதனை விழுந்துவிடும். உங்கள் மொழியிலும் முதல் நாளே இப்படி ஒன்றை எழுதி வையுங்கள்.

கல்வெட்டு

நான் மொழி எழுதுகிற ஆள் இல்லை, பயன்படுத்துகிற ஆள். துறையில் எல்லோரும் ஆய்வேடு எழுதும் டைப்ஸ்ட் வார்ப்புரு ஒன்றைப் பராமரிக்கிறேன். வகைகளுக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள், அந்தப் பெயரைப் பயனரிடம் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள். டைப்ஸ்ட்டில் முதலில் ஒரு மதிப்பின் வகை என்ன என்று கேட்டால் சரமாகப் பதில் வரும், அந்தச் சரத்தை ஒப்பிட்டு நாங்கள் எல்லாம் நிரல் எழுதினோம். 2023 இல் 0.8 பதிப்பில் வகை என்பதே ஒரு மதிப்பாக ஆனது. பழைய ஒப்பீடு உடையக் கூடாது என்று கொஞ்ச காலத்துக்கு வகையையும் சரத்தையும் ஒப்பிட விட்டார்கள், அது எங்களுக்குப் பெரிய உதவி. ஆனாலும் வார்ப்புருவில் ஒவ்வோர் இடமாகத் தேடி மாற்ற இரண்டு சனிக்கிழமை போனது. நீங்கள் முதலிலேயே வகையை மதிப்பாக வைத்துவிட்டால் உங்கள் பயனர்களுக்கு அந்த வேலை இருக்காது.

இன்னொன்று, ஆட்டோ, ஒன்றுமில்லை இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். ‘இந்தப் படத்துக்குத் தலைப்பு வேண்டாம்’ என்பதும் ‘அகலத்தை நீயே பார்த்துக்கொள்’ என்பதும் ஒன்றல்ல. பக்க எண்ணுக்கு எண்முறை ஒன்றுமில்லை என்றால் எண்ணே வராது. இரண்டையும் ஒரே காலி மதிப்பாக வைத்த ஒரு கருவியில் நான் வேலை பார்த்திருக்கிறேன், காலி என்றால் இந்த இடத்தில் என்ன அர்த்தம் என்று ஒவ்வொரு தடவையும் கையேட்டைத் திறக்க வேண்டும்.

ஈயஅச்சு

ரஸ்ட்கை சொன்ன காத்திருப்பு என்ற பார்வை எனக்குப் பிடித்திருக்கிறது, அதை வைத்து டெக்கைத் திரும்பப் பார்த்தேன். க்னூத் எல்லாவற்றையும் உடனே எண்ணாக்கினார் என்று நான் சொன்னது முழுக்கச் சரியில்லை. கணிதத்தில் அவர் காத்திருக்கிறார். கணித இடைவெளிக்கு மூ என்ற அலகு, 18 மூ சேர்ந்தால் கணிதக் குறிகளுக்கான எழுத்துருவின் ஓர் எம். சூத்திரத்தைப் படிக்கும்போது ஒரு துண்டு மேலெழுத்தாகப் போகுமா, பின்னத்தின் கீழே போகுமா, என்ன அளவில் வரும் என்று தெரியவே தெரியாது. பின்னக் கோட்டுக்கான கட்டளையே மேல் பகுதி முடிந்த பிறகுதான் வரும். அதனால் மூ அளவை அப்படியே வைத்திருந்து, சூத்திரம் முழுக்கப் படித்து முடித்துக் கணிதப் பட்டியலைக் கிடைப் பட்டியலாக மாற்றும் கட்டத்தில்தான் எண்ணாக்குகிறார். அதற்காகவே கணித க்ளூவுக்குத் தனிப் பதிவகம், தனிப் படிநிலை. சாதாரண க்ளூவையும் அதையும் கலந்தால் க்ளூ அலகுகள் ஒத்துப்போகவில்லை என்று திட்டும். இவ்வளவு வருடம் அந்தப் பிழைச் செய்தியைப் பார்த்தும் எனக்கு இப்போதுதான் உறைக்கிறது, உடல் எழுத்தில் எம் அளவுக்குக் கொடுக்காத மரியாதையைக் கணிதத்தில் மூவுக்குக் கொடுத்திருக்கிறார்.

க்ளூவே ஒரு காத்திருப்புதான். இயல்பு அகலம், எவ்வளவு விரியலாம், எவ்வளவு சுருங்கலாம் என்று மூன்று எண்கள், விரிவதற்கும் சுருங்குவதற்கும் தனித்தனி வரிசை: சாதாரணம், ஃபில், ஃபில்ல், ஃபில்ல்ல். மேல் வரிசையில் ஒன்று இருந்தால் கீழ் வரிசையில் இருப்பவை அசையாது. வரி எங்கே உடையும் என்று முடிவாகும் வரை இந்த மூன்றும் அப்படியே இருக்கும்.

முழு எண் விஷயத்தில் மட்டும் நான் மாறவில்லை.

ரஸ்ட்கை

ஐயா, முழு எண்ணிலும் துல்லியம் இலவசமாக வருவதில்லை. டெக்கில் ஓர் அங்குலம் என்பது 72.27 பாயிண்டு. 72.27 ஐ 65536 ஆல் பெருக்கினால் 4736286.72 வரும், வெட்டி 4736286 என்று வைக்கும், அதைத் திரும்ப அச்சிட்டால் 72.26999 என்று காட்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அடுத்தது பாருங்கள். 0.1 அங்குலம் என்று எழுதினால், முதலில் 0.1 ஐ 65536 இல் ஒரு பங்காக மாற்றுகிறது, 6553.6 இல்லை, 6554. அதை 7227 ஆல் பெருக்கி 100 ஆல் வகுத்தால் 473657. பத்து மடங்கு 4736570. ஓர் அங்குலத்தை விட 284 சின்ன அலகு கூடுதல். ஒன்றை 10 ஆல் வகுத்து, அதைப் பத்துத் தடவை கூட்டினால் ஒன்றுக்குத் திரும்பி வருவதில்லை என்பதில் முழு எண்ணும் ஃப்ளோட்டும் ஒன்றுதான்.

ஈயஅச்சு

கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தேன், சரிதான். ஆனால் 284 அலகு என்பது ஒரு பாயிண்டில் 230 இல் ஒரு பங்கு, எந்தக் கண்ணும் பார்க்காது. எனக்கு வேண்டியது உண்மையான அங்குலம் இல்லை. எல்லாக் கணினியிலும் ஒரே தப்பு நடக்க வேண்டும். டெக் தரும் 473657 அன்றைக்கும் 473657, இன்றைக்கும் 473657.

ரஸ்ட்கை

அந்த உத்தரவாதம் இன்று ஃப்ளோட்டிலும் பெரும்பாலும் கிடைக்கிறது என்பதுதான் என் வாதம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் இவை ஐஇஇஇ தரப்படி எங்கும் ஒரே பிட் தரும். சைன், கொசைன் மாதிரியானவைதான் நூலகத்துக்கு நூலகம் மாறும், அவற்றை மட்டும் ஒரே நூலகத்தில் கட்டி வைத்தால் போதும். பெட்டிக்குள் அடங்குகிறதா என்று பார்க்கும்போது டைப்ஸ்ட் நேரடியாகப் பெரிது சிறிது பார்ப்பதில்லை, பாயிண்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு விட்டுக்கொடுத்துப் பார்க்கிறது. மூன்று பத்திகளின் அகலத்தைக் கூட்டினால் பக்க அகலத்தை விட இம்மி கூடிவிட்டது என்று கடைசிப் பத்தி அடுத்த பக்கத்துக்கு ஓடாமல் இருக்க அது போதும்.

நடுப்பக்கம்

இணைய உலாவிகள் இரண்டுக்கும் நடுவில் போயிருக்கின்றன. ஃபயர்ஃபாக்ஸ் ஒரு சிஎஸ்எஸ் (இணையப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) பிக்சலை 60 பங்காகப் பிரித்து முழு எண்ணாக வைத்திருக்கிறது, குரோம் 64 பங்காக. எழுதும் இடத்தில் எம், சதவீதம் என்று எதை வேண்டுமானாலும் எழுதலாம், எழுத்தளவு தெரிந்தவுடன் எம் கரைந்துவிடும், சதவீதம் மட்டும் இடவமைப்பு நடக்கும் வரை சதவீதமாகவே கிடக்கும், கடைசியில்தான் இந்தச் சின்ன முழு எண்களாக ஆகும். ஆக ஒரு நீளம் ஒரே வகையாக இருந்துவிடுவதில்லை, மூன்று நிலைகளில் மூன்று வகையாக இருக்கிறது. ஓரக்குறிப்பும் அப்படியே பிரிக்கலாம்: பயனர் எழுதிய நீளம், எழுத்தளவு தெரிந்த நீளம், பக்கத்தில் உட்கார்ந்த நீளம். மூன்றுக்கும் மூன்று ரஸ்ட் வகை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுத்தால் கம்பைலரே தடுத்துவிடும். ஃப்ளோட்டா முழு எண்ணா என்ற சண்டை கடைசி வகையில் மட்டும்தான் வருகிறது, அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

சதவீதம் எதன் சதவீதம் என்பதையும் எழுதி வையுங்கள். சிஎஸ்எஸ்ஸில் மேல் உள்ளோரத்துக்கு 10% என்று கொடுத்தால் அது பெட்டியின் உயரத்தில் 10% இல்லை, சுற்றியிருக்கும் பெட்டியின் அகலத்தில் 10%. முதல் தடவை பார்ப்பவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் இது. மதிப்பில் இந்தத் தகவல் இருக்காது, அதை வாங்கும் இடத்தில்தான் இருக்கும்.

ஓரக்குறிப்பு

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரமாக எழுதியதைச் சொல்கிறேன்.

நடுப்பக்கம் சொன்ன மூன்று நிலைகளை எடுத்துக்கொண்டேன். பயனர் எழுதிய நீளத்தில் பாயிண்டு, எம், விகிதம் மூன்றும் இருக்கின்றன. எழுத்தளவைக் கொடுத்தால் எம் கரைந்து இரண்டாகும், பெட்டியைக் கொடுத்தால் ஒன்றாகும். தலைப்புக்குக் கீழே இப்போது 21.6 விழுகிறது. அதை விட எனக்குச் சந்தோஷம், இந்த மாற்றத்தைச் செய்யும்போது கம்பைலர் 17 இடங்களில் வகை பொருந்தவில்லை என்று நிறுத்தியது. அதில் நான்கு உண்மையான பிழைகள். அடிக்குறிப்பு எண்ணை உயர்த்தும் அளவை அடிக்குறிப்பின் எழுத்தளவால் பெருக்காமல் உடல் எழுத்தளவால் பெருக்கியிருந்தேன். தமிழ் உயிர்மெய்க்குப் பக்கத்தில் அந்த எண் கொஞ்சம் மேலே ஏறித் தெரிந்ததற்குக் காரணம் எழுத்துரு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்த நீளத்தை முழு எண்ணாக, 65536 இல் ஒரு பங்காக, 64 பிட்டில் வைத்துவிட்டேன். ஈயஅச்சு ஐயா சொன்ன காரணத்துக்காக மட்டும் இல்லை. முன்பு கணக்கிட்ட பத்தியைத் திரும்பக் கணக்கிடாமல் எடுத்துக்கொள்ள மதிப்புகளை ஹாஷ் செய்கிறேன், அதாவது ஒவ்வொன்றையும் ஓர் அடையாள எண்ணாகச் சுருக்குகிறேன். ரஸ்ட்டில் ஃப்ளோட்டுக்கு ஹாஷ் கிடையாது, அதனால் பிட்டுகளை எடுத்து நானே ஹாஷ் செய்திருந்தேன். ஓரத்தைத் தலைகீழாக்கும் ஓர் இடத்தில் 0 ஐ எதிரெண்ணாக்கி −0 உண்டாகியிருக்கிறது. இரண்டும் சமம் என்று ஒப்பீடு சொல்கிறது, ஆனால் பிட்டு வேறு, ஹாஷ் வேறு. விளைவு தப்பாக வரவில்லை, ஒவ்வொரு தடவையும் முழுப் பக்கத்தையும் திரும்பக் கணக்கிட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவு மெதுவாக ஏன் ஓடுகிறது என்று எனக்குப் புரியாமலே இருந்தது. முழு எண்ணில் ஒரே ஒரு 0 தான்.

சரங்களுக்கு டைப்ஸ்ட் பயன்படுத்தும் ஈக்கோஸ்ட்ரிங் என்ற சர வகையையே எடுத்துக்கொண்டேன். 16 பைட், அதில் 15 பைட் வரை ஹீப்புக்குப் போகாமல் உள்ளேயே உட்காரும். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப் 8 இல் 3 பைட். ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள், சரியாக 15 பைட், உள்ளேயே அடங்கிவிடுகிறது. ‘தமிழ்நாடு’ 27 பைட், ஹீப்புக்குப் போகிறது. ஆங்கிலத்தில் பெரும்பாலான சொற்கள் உள்ளேயே இருந்துவிடும், நமக்கு ஐந்து குறியோடு முடிகிறது. வினாத்தாளில் வரும் சொற்களை எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளளவைக் கூட்டலாமா என்று யோசிக்கிறேன்.

கல்வெட்டு

சரத்தின் நீளம் கேட்டால் என்ன தருவீர்கள்? டைப்ஸ்ட் பைட்டைத் தருகிறது, ‘தமிழ்’ என்றால் 15. எங்கள் துறையில் ஒரு மாணவி தலைப்பின் கீழே எழுத்துக்கு ஒரு புள்ளி வீதம் கோடு போட நினைத்து, மூன்று புள்ளிக்குப் பதில் 15 புள்ளி வந்து திகைத்துப் போனாள். எழுத்துக் கொத்துகளாகப் பிரித்து எண்ணினால் த, மி, ழ் என்று மூன்று வரும். நீளம் என்ற பெயரை அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, சரத்துக்கு பைட்டெண்ணிக்கை, எழுத்தெண்ணிக்கை என்று இரண்டு வெவ்வேறு பெயர் கொடுங்கள், குழப்பமே வராது.

ரஸ்ட்கை

32 பைட்டில் ஒரு நுணுக்கம். இப்போது உங்கள் நீளத்தில் மூன்று எண்கள், டேக்கோடு 32. நாளை பக்க உயரத்தில் இத்தனை பங்கு என்று நான்காவது ஒன்றைச் சேர்க்க ஆசை வரும். சேர்த்தால் 40 ஆகி எல்லா அரேயும் கால் பங்கு பெருக்கும், முழு எண்ணும் பூலியனும்கூட அதே 40 பைட்டைச் சுமக்கும். நான்காவது வந்தால் ஆர்க்குக்குப் பின்னால் தள்ளுங்கள், அது அரிதாகத்தான் வரும்.

ஓரக்குறிப்பு

குறித்துக்கொண்டேன். சரத்துக்கு இரண்டு பெயர் என்பதையும் இன்றைக்கே மாற்றிவிடுகிறேன்.

இன்னும் ஓர் இடத்தில் நிற்கிறேன். இரண்டு நீளத்தில் பெரியதைக் கொடு என்று பயனர் எழுதுகிறார், ஒன்று 1 எம், மற்றது 10 பாயிண்டு. என் மூன்று எண் கூட்டலில் இதை எழுதவே முடியாது. கூட்டலும் ஓர் எண்ணால் பெருக்கலும் அதில் அடங்கும், பெரியது சிறியது அடங்காது.

நடுப்பக்கம்

சிஎஸ்எஸ் இதற்காகத்தான் மரமாக வைத்துக்கொள்கிறது. கூட்டல், பெரியது, சிறியது எல்லாம் மரத்தின் கணுக்கள், கீழே அலகோடு எண்கள். எல்லாம் தெரிந்த பிறகு மரத்தைச் சுருக்கும்.

ஈயஅச்சு

மரம் வந்தால் 32 பைட் போச்சு, ஒப்பீடும் ஹாஷும் சிக்கலாகும். 1 எம் + 2 எம் என்ற மரமும் 3 எம் என்ற மரமும் சமமா இல்லையா என்று நீங்களே சுருக்கிப் பார்த்துச் சொல்ல வேண்டி வரும். வினாத்தாளுக்கு இது தேவையா என்று யோசியுங்கள் தம்பி.

ஓரக்குறிப்பு

யோசித்தேன் ஐயா. மரம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். எழுத்தளவு தெரியாத இடத்தில் பெரியது கேட்டால் பிழை. பிழைச் செய்தியை மட்டும் நேரம் எடுத்து எழுதினேன்: ‘1 எம், 10 பாயிண்டு இரண்டையும் இங்கே ஒப்பிட முடியாது. எழுத்தளவு 10 பாயிண்டுக்கு மேல் போனால் முதலாவது பெரிது, கீழே போனால் இரண்டாவது பெரிது. ஒப்பீட்டைத் தலைப்புக்குள்ளோ பத்திக்குள்ளோ கொண்டுபோய் எழுதுங்கள்.’ எந்த அளவில் இரண்டும் சமமாகும் என்பதை இரண்டு நீளங்களிலிருந்தும் கணக்கிட்டே காட்டுகிறேன், பாயிண்டுப் பகுதிகளின் வித்தியாசத்தை எம் பகுதிகளின் வித்தியாசத்தால் வகுத்தால் வந்துவிடுகிறது. சதவீதம் கலந்தால் இந்தக் கணக்கு வராது, அப்போது முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் வரும்.